முனைப்பாதையில் கவிழ்த்த சட்டி

கோரைத்துறையில் ஒருவரும் செருப்புப் போடுவதில்லை. வாங்க வக்கில்லாமல் அல்ல. செருப்புப் போட்டவன் தன் காலை மறைக்கிறான், காலை மறைக்கிறவன் போன இடத்தை மறைக்கிறான், போன இடத்தை மறைக்கிறவனுக்குப் பெண் கொடுக்காதே என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்துவிட்டுப் போக, ஊர் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டது. மாதா கோயில் திருவிழாவுக்குப் பட்டுக் கட்டிவரும் மருமகள்களும், கப்பலில் வேலை பார்த்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பும் பிள்ளைகளும்கூட ஊர் எல்லைப் பூவரசின் அடியில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செம்மணல் தேரி, நடுவில் ஊர். கால் வைக்கிற இடமெல்லாம் மணல். அதனால் அங்கே பிறந்தவர்களுக்கு ஆளின் முகத்தைவிட அடித்தடம்தான் நன்றாகத் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்கள்கூடப் பெண்ணை வாசலில் நாலு எட்டு நடக்கவிட்டு, அவள் உள்ளே போனபிறகு மணலைத்தான் குனிந்து பார்ப்பார்கள்.

கடலுக்குப் போகிற பாதையில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது இன்னொரு ஊர்க்கட்டு. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் நின்ற இடத்தில் நின்று, கூப்பிட்டவர் முன்னால் வந்து முகம் காட்டும்வரை காத்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தவன் வீட்டுக்கு அலை வரும் என்பது நம்பிக்கை. எல்லாவற்றுக்கும் மேலே சட்டி வழக்கு ஒன்று இருந்தது. போகக் கூடாத இடத்தில் ஒருவரின் தடத்தைக் கண்டால் கூச்சல் போடக் கூடாது. காற்று அழிப்பதற்குள் அதன்மேல் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்துவிட்டுக் கோயில் மணியை அடிக்க வேண்டும். ஊர் கூடிச் சட்டியைத் தூக்கித் தடத்தைப் பார்க்கும், தீர்ப்புச் சொல்லும், சட்டியைப் பழையபடி கவிழ்த்துவைக்கும். குற்றம் பொய்யென்று பிறகு தெரிந்தால், கவிழ்த்தவரே அந்தச் சட்டியைத் தலையில் சுமந்து, பட்டப்பகலில் ஊர் நடுவே நடந்து, கோயில் படியில் போட்டு உடைத்து, ‘என் கண் பொய் சொன்னது’ என்று சொல்ல வேண்டும். அப்படி உடைத்தவர் ஒருவரும் ஊரின் ஞாபகத்தில் இல்லை. எங்கள் ஊரில் பொய்ச்சட்டியே கிடையாது என்று அதற்கும் பெருமை பேசிக்கொண்டார்கள்.

தடம் பார்ப்பதில் சலேத்தம்மாளுக்கு ஈடு கிடையாது; சந்தேகப்படுவதிலும் கிடையாது. பால்காரன் பாலில் தண்ணீர் கலக்கிறானா என்று எல்லா ஊரிலும் பார்ப்பார்கள், சலேத்து தண்ணீரில் பால் கலந்திருக்கிறானா என்றும் பார்ப்பாள் என்று ஊரில் கேலி. கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட தங்கை மெட்டில்டாவோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், அம்மா காலத்து மீன்குழம்புச் சட்டி ஒன்றில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அலையோரம் சிப்பி பொறுக்குவாள், தங்கை சமைப்பாள், இரண்டு பேரும் சேர்ந்து சிப்பியைக் கழுவிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு அனுப்புவார்கள். அக்காள் பாதம் தட்டை. ஒரு வளைவு இல்லாமல் தோசைக்கல் மாதிரி முழுசாகப் பதியும். தங்கைக்கு இடது கால் சுண்டுவிரல் தூக்கிக்கொண்டே இருக்கும், மண்ணில் படாது. அக்கா குள்ளம், குறுக்கெட்டு வைப்பாள். தங்கை நெட்டை, ஓர் எட்டில் அக்காளின் ஒன்றரை எட்டைத் தாண்டுவாள்.

அப்பா விட்டுப்போன பனைவிளை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அதில் ஒரு கிணறு. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அதில் மட்டும் நல்ல தண்ணீர். குழாய் வராத நாளெல்லாம் ஊர் அதைத்தான் குடித்தது. விளையின் ஓரத்திலிருந்துதான் முனைப்பாதை தொடங்கும். தாழம்புதர்களைச் சுற்றி, பெண்கள் குளிக்கும் குளத்தைத் தொட்டு, அடும்பங்கொடி படர்ந்த மணல்மேடுகளில் ஏறி இறங்கி, கலங்கரை விளக்கம் நிற்கிற முனைக்குப் போய் முடியும் ஒற்றையடிப் பாதை.

அந்தப் பாதையைத் தேடித்தான் சுதர்சன் வந்தான். நகரத்துக்காரன். கடலோரப் பாதைகளை நடந்து பார்க்கிறோம் என்று ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு, எல்லோர் காலிலும் கனத்த ஷூ, இரண்டு கையிலும் இரண்டு கம்பு, முதுகில் தண்ணீர்ப் பை. ஊர்ப் பிள்ளைகள் அவர்களுக்கு நாலுகாலி என்று பெயர் வைத்தார்கள். நாலுகாலிகள் தேரியில் ஏறினார்கள், சுடுகாட்டு வழியில் இறங்கினார்கள், ஒவ்வொரு நண்டு வளைக்கும் நின்று படம் பிடித்தார்கள். கடைசியில் முனைப்பாதை போல ஒரு பாதை இந்தக் கரையிலேயே இல்லை என்று தீர்மானித்தார்கள். சுதர்சன் முனையில் ஓலைக்கொட்டகை போட்டான், பஸ்காரனிடம் பேசி முனைவரை ஒரு பஸ்ஸும் வரவழைத்தான், பிறகு விளையையும் கிணற்றையும் விலைக்குக் கேட்டான். நடக்க வருகிறவர்கள் தங்க அறைகள் கட்டவேண்டுமாம். கிணறு போனால் ஊர் போச்சு என்று ஊர்க்கமிட்டி கூடி, அவனுக்கு ஒரு பிடி மண் விற்கிறவர் ஊருக்குத் துரோகி என்று முடிவு சொன்னது. சகோதரிகள் இரண்டு பேரும் விற்கமாட்டோம் என்று மாதா கோயிலில் சொல்லிவிட்டு வந்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு நாள் சிப்பி கழுவிக்கொண்டிருக்கும்போது மெட்டில்டா, “ஒரு பேச்சுக்குத்தான் கேக்குதேன், நமக்குப் பொறவு இந்த வெளை யாருக்குக்கா?” என்றாள். சாதாரணக் கேள்வி. பிள்ளையில்லாத வீட்டில் யாருக்கும் வருகிற கேள்வி. சலேத்தம்மாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மெட்டில்டா அந்த நாலுகாலிகளுக்குக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கொடுத்தது, சுதர்சன் ஏதோ சொன்னதற்குச் சிரித்தது, சிரித்துவிட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. விளையை விற்கக் கைநாட்டு வைக்க இரண்டு பேரும் வேண்டும். ஒருத்தி விழுந்தால் மற்றவளை விழவைப்பது எத்தனை நேரம் என்று நினைத்தாள்.

அந்த வருஷம் கச்சான் காற்று ஓய்ந்த மறுநாளிலிருந்து முனைப்பாதை மணல், நடக்கிறவர் காலைப் பதிப்பதை நிறுத்திவிட்டு வேறொருவர் காலைப் பதிக்கத் தொடங்கியது. ஊர்த் தெருவில் அப்படியில்லை, அலையோரத்தில் அப்படியில்லை, முனைப்பாதையில் மட்டும். ஒருவர் நடப்பார், அவருக்குப் பின்னால் இன்னொருவரின் தடம் விழும். திரும்பிப் பார்க்கிற வழக்கம் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. மண் சும்மா தன்பாட்டுக்கு அதைச் செய்துகொண்டிருந்தது.

ஊரில் சட்டிகள் கவிழத் தொடங்கின. முதலில் மாட்டிக்கொண்டது கமிட்டித் தலைவர் மச்சாது. பெண்கள் குளிக்கும் குளத்தின் படிவரைக்கும் அவருடைய தடம், அதுவும் ஒரு நாளில்லை, தினமும், அதுவும் ஒரு வரிசையில்லை, பத்துப் பன்னிரண்டு வரிசை. அவர் மனைவியே சட்டியைக் கவிழ்த்தாள். “மாதாவாணை நான் அந்தப் பக்கமே போவலட்டி” என்று அவர் கும்பிட்டு அழுததை ஊர் நின்று வேடிக்கை பார்த்தது. குழாயைப் பழுது பார்க்காமல் இழுத்தடிக்கிற தலைவரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டேதான் பெண்கள் அப்போதெல்லாம் குளத்துக்குப் போனார்கள் என்பதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பிறகு வலைக்கொட்டகைப் பக்கம் ஒரு சட்டி, தாழம்புதர் மறைவில் ஒரு சட்டி என்று பாதை முழுக்க ஒரே சட்டியாகி, ஊர்ச்சனம் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு திரிந்தது. கடைத்தெருவில் மண்சட்டி கிடைக்காமல் போயிற்று.

சலேத்தம்மாள் ஒற்றுப் பார்க்கப் போனதும் அந்தப் பருவத்தில்தான். விடிந்ததும் சிப்பிக் கூடையை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல அலையோரம் போகாமல், முனைப்பாதையில் நடந்து, கொட்டகைக்கு இந்தப் பக்கம் தாழைக்குப் பின்னால் குந்தியிருப்பாள். வழியெல்லாம் ஒரே நினைப்பு: இவள் வருவாளா, வந்தால் என்ன சொல்வாள், என்ன முகத்தோடு வருவாள். மெட்டில்டா வரவில்லை. வெயில் ஏறியதும் சலேத்தம்மாள் அலையோரமாகச் சிப்பி பொறுக்கிக்கொண்டே திரும்பி வந்து, விளை ஓரத்தில் பாதை தொடங்கும் இடத்தைப் பார்த்தாள். இடது சுண்டுவிரல் இல்லாத தடம், வரிசையாக, முனையைப் பார்த்துப் போயிருந்தது.

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். காலையில் நான் போன தடம் எங்கே என்று தேடினாள், இல்லை. கள்ளி, என் தடத்தின் மேலேயே மிதித்து அழித்துக்கொண்டு போயிருக்கிறாள் என்று அதற்கு அவளே பதில் சொல்லிக்கொண்டாள். எட்டு குறுகலாக இருந்தது. நெட்டைக்காரி இப்படி நடக்கமாட்டாளே என்று ஒரு கணம் தோன்றியது. பதுங்கிப் போகிறவள் குறுக்கெட்டுத்தானே வைப்பாள் என்று அதற்கும் பதில் வந்தது. திரும்பி வந்த தடம் இல்லை. அலையோரமாக வந்திருப்பாள், என்னிடம் கற்றுக்கொண்ட வித்தை என்று பல்லைக் கடித்தாள். சந்தேகம் வந்த நெஞ்சுக்கு எந்தக் கேள்விக்கும் பதில் இல்லாமல் போகாது. மறுநாள் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். போன நாளெல்லாம் தங்கையின் தடம் பாதையில் கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மெட்டில்டா புளியைக் கரைத்துவைத்துவிட்டு, “அக்கா, சட்டிய எங்க வச்ச?” என்று வீடெல்லாம் தேடிக்கொண்டிருக்கும்போது கோயில் மணி அடித்தது.

விளை ஓரத்தில் கூட்டம் கூடியது. மச்சாது தலைவர் குனிந்து மீன்குழம்புச் சட்டியைத் தூக்கினார். தன்மேல் ஒரு சட்டி கிடக்கிற மனுஷனுக்கு இன்னொருவர் மேல் சட்டி விழுந்தால் கொஞ்சம் ஆறுதல். அவர் குரலில் அது தெரிந்தது.

“மெட்டில்டா, இது யாரு தடம்?”

“என் தடந்தான்.”

“கொட்டகைக்கு எதுக்குப் போன?”

“நான் போவல.”

“தடம் ஒன் தடம். ஆனா நீ போவல. அப்போ காலு மட்டும் கழண்டு போச்சுதோ?”

கூட்டம் சிரித்தது.

“காலையில எல்லாம் நான் அடுப்படியிலதான இருக்கேன்” என்றாள் மெட்டில்டா.

“யாரு பாத்தா?”

“அடுப்பு பாத்துது.”

அவள் தலைவரை விட்டுவிட்டு அக்காளைப் பார்த்தாள். “அக்கா, எட்டப் பாரு. நான் இப்படியா எட்டு வைப்பேன்?”

“களவாப் போறவ எட்டி நடக்க மாட்டா” என்றாள் சலேத்தம்மாள்.

மெட்டில்டா அக்காளின் முன்னால் வந்து நின்றாள். பிறகு, “இத்தன வருசமா ஒரு சட்டியில தின்னோம். என் மூஞ்சியப் பாத்து, போனியாட்டின்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா. மணலப் போயிக் கேட்டிருக்கியேக்கா” என்றாள்.

சலேத்தம்மாள் குனிந்து தடத்தைப் பார்த்தாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. “மணலு பொய் சொல்லாது” என்றாள்.

ஊர் மெட்டில்டாவோடு பேசாது என்று தீர்ப்பானது. அன்று பகலிலேயே அவள் ஒரு துணிப்பையோடு கிளம்பினாள். கிணற்றடியில் நாலுகாலி ஒருத்தி மறந்துவிட்டுப் போன ரப்பர் செருப்பு கிடந்தது. அதைக் காலில் மாட்டிக்கொண்டு, தெரு நடுவே, எல்லோரும் வாசலில் நின்று பார்க்க, பூவரசைத் தாண்டிப் போனாள். அவளுக்குப் பின்னால் கட்டம்கட்டமான செருப்புத் தடம் விழுந்தது. அந்தத் தடத்தில் அவள் அழுதுகொண்டு போனாளா, கோபத்தில் போனாளா என்று சலேத்தம்மாளால் படிக்க முடியவில்லை.

உண்மை வெளிப்பட்டது இஸ்தாக்கியால். விசைப்படகில் ஒரு காலை இழந்தவர். கட்டையை ஊன்றி நடப்பார். ஒரு நாள் விடிகாலையில் அவர் முனைப்பாதையில் போக, எதிரே வந்த நாலுகாலிகள் அவரைக் கடந்ததும் திரும்பிப் படம் எடுத்தார்கள். அவர்களுக்குத்தான் ஒரு கட்டும் கிடையாதே. எடுத்தவர்கள் அலறினார்கள். ஒற்றைக்காலும் கட்டையுமாகப் போகிற மனுஷனுக்குப் பின்னால் இடதும் வலதுமாக இரண்டு காலின் தடம், சின்னச்சின்னதாக, குதிகால் வெடிப்போடு விழுந்துகொண்டே போனது. சத்தம் கேட்டு ஊர் ஓடிவந்தது. குனிந்து பார்த்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. போன வருஷம் செத்துப்போன அவர் மனைவி சவரியம்மாளின் கால்.

இஸ்தாக்கி நின்ற இடத்தில் நின்று, மச்சாது முன்னால் வந்து முகம் காட்டும்வரை காத்திருந்தார்.

“என்னவே இது? ஒம்ம பின்னால ஒம்ம பொஞ்சாதி கால் விழுது?”

“அவ நெனப்புலதான் நடந்தேன். அதுக்கென்ன இப்போ?” என்றார் இஸ்தாக்கி.

ஊர் அதற்காக மூக்கில் விரல் வைத்துக்கொண்டு நிற்கவில்லை. அன்று மாலைக்குள் ஆளுக்கு ஒரு முறை நடந்து பார்த்து, நடக்கிறவர் நெஞ்சில் யார் இருக்கிறாரோ அவர் காலைத்தான் பாதை பதிக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை, முனைப்பாதைக்கு மட்டும் பங்குச்சாமியார் தளர்த்திக்கொடுத்தார். கப்பலுக்குப் போன பிள்ளைகளின் அம்மாக்கள் தினமும் சாயங்காலம் நடந்து, பின்னால் விழுந்த பிள்ளையின் காலை அளந்து பார்த்து, மெலிந்துவிட்டான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். ஜெபமாலை உருட்டிக்கொண்டே நடந்த உபதேசியார் தன் பின்னால் அந்தோணியார் காலைத் தேடினார். விழுந்திருந்தது புரோட்டாக் கடை மாஸ்டரின் கால். இதைக் கேள்விப்பட்ட சுதர்சன் விளம்பரப் பலகை வைத்து, நாலுகாலிகளை ஷூவைக் கழற்றி நடக்கவிட்டான். பாதிப் பேர் வெறுங்காலில் நடக்க, பின்னால் அவர்களுடைய ஆபீஸ் மேலதிகாரியின் பூட்ஸ் தடம் விழுந்தது. ஜோடியாக வந்தவர்கள் வாய்த்தகராறோடு தனித்தனி பஸ்ஸில் திரும்பினார்கள். சேர்ந்து நடக்க முடியாத பாதையில் யார் அறை எடுத்துத் தங்குவார்கள்? கொஞ்ச நாளில் கொட்டகை ஓலையைக் காற்று தூக்கிக்கொண்டு போக, சுதர்சனும் வேறு கரை தேடிப் போய்விட்டான். கடைசிவரை அவன் மட்டும் ஷூவைக் கழற்றவில்லை.

சந்தேகம் தீர்ந்ததா என்றால், இல்லை, திசை மாறிக்கொண்டது. முன்பு யார் எங்கே போனார்கள் என்று பார்த்தவர்கள், இப்போது யார் யாரை நினைத்துப் போனார்கள் என்று பார்த்தார்கள். புருஷன் நடந்த தடத்தைப் பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள், மருமகள் நடந்ததை மாமியார் பார்த்தாள். தாங்க முடியாமல் ஒரு நாள் மச்சாதுவே செருப்போடு பாதைக்கு வந்தார்; பின்னால் வெறும் செருப்புத் தடம்தான் விழுந்தது. மறு வாரம் ஊரில் எல்லோர் காலிலும் செருப்பு.

கவிழ்த்த சட்டிகளை என்ன செய்வது என்று கமிட்டி கூடியது. எல்லாச் சட்டியும் பொய்ச்சட்டி. அப்படியானால் பாதி ஊர் தலையில் சட்டியோடு கோயிலுக்கு நடக்க வேண்டும். ரொம்ப நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்துவிட்டு, பாதை செய்த குழப்பத்துக்கு ஊரார் பொறுப்பில்லை, இதுவரை கவிழ்த்த சட்டிகள் செல்லாது, உடைக்கவும் வேண்டாம், ஒருவரும் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவும் வேண்டாம் என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். கை தூக்கியவர்களில் சலேத்தம்மாளும் ஒருத்தி. தூக்கிய கையை இறக்கும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் தூக்கினாள். மறுநாள் விடிவதற்குள் பாதையில் இருந்த சட்டிகளெல்லாம் சத்தமில்லாமல் அவரவர் அடுப்படிக்குத் திரும்பிவிட்டன.

விளை ஓரத்துச் சட்டி மட்டும் அப்படியே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய் மீன்குழம்பு வைக்கச் சலேத்தம்மாளுக்குக் கை வரவில்லை.

அவள் சோதித்துப் பார்க்கவே வேண்டியதில்லை. இஸ்தாக்கி, “அவ நெனப்புலதான்” என்று சொன்ன அந்த நிமிஷமே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு நாள் மத்தியானம், ஆளில்லாத நேரம் பார்த்து, பாதையில் பத்து எட்டு நடந்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். தன் குதிகாலுக்குப் பின்னாலிருந்து, குறுக்கெட்டாக, இடது சுண்டுவிரல் படாத தடம் வரிசையாகக் கிடந்தது. அடிப்பாவி என்று தன்னையே சொல்லிக்கொண்டு அங்கேயே மணலில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். ஒரு துரோகியைப் பிடித்துக் கொடுத்தோம் என்று நினைத்திருந்தாள். தன் காலாலேயே தங்கைக்குக் குற்றம் செய்துவைத்து, தன் கையாலேயே அதன்மேல் சட்டியும் கவிழ்த்திருக்கிறாள்.

அதன்பிறகு தினமும் நடந்தாள். ஊரே செருப்புக்கு மாறிய பின்னும் அவள் வெறுங்காலோடு முனைவரை போய்த் திரும்பினாள். பாதையில் நாள் தவறாமல் மெட்டில்டாவின் தடம் விழுந்தது. “ஒன் தங்கச்சி காலையிலயே வந்துட்டுப் போயிட்டா போல” என்று குளத்துக்குப் போகிற பெண்கள் கேலி செய்வார்கள். அவள் நிற்காமல் நடப்பாள். மெட்டில்டா தூத்துக்குடியில் ஒரு விடுதியில் சமைக்கிறாள் என்று ஒரு பேச்சு, வள்ளியூரில் தையல் கடையில் இருக்கிறாள் என்று ஒரு பேச்சு. போய்த் தேடலாம். தேடிக் கண்டுபிடித்தால் என்ன சொல்வது? சட்டி இன்னும் கவிழ்ந்துதானே கிடக்கிறது?

தை பிறந்து கொஞ்ச நாளான ஒரு காலை, அவள் கொல்லைக் கதவைத் திறந்து விளைக்குள் இறங்கியபோது, பாதையில் தட்டைப் பாதம் ஒன்று கிடந்தது. வளைவே இல்லாமல், முழுசாக. அவளுடைய கால்.

முனைப்பாதையில் தன் தடத்தை அவள் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது. அன்று அவள் இன்னும் பாதையில் கால் வைக்கவே இல்லை. யாரோ என்னை நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள் என்று புரிந்ததும் முதலில் வந்தது பயம்தான். சலேத்தம்மாளை ஒருவர் நினைத்தால் நல்லதுக்கா நினைப்பார்? கிணற்றுக்காக மச்சாதுவாக இருக்கும். கிணற்றை விடாமல் சுதர்சன் வேறு ஆளை அனுப்பியிருப்பான். காளவாசல்காரனாகவும் இருக்கலாம். குனிந்து, தடத்தின் பின்னாலேயே பார்த்துக்கொண்டு போனாள். முனைப் பக்கமிருந்து வந்த தடம் விளை ஓரத்துக்கு வந்து, கவிழ்ந்த சட்டிக்கு எதிரே நின்றிருந்தது. ரொம்ப நேரம் நின்றிருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் மணல் ஆழமாக அமுங்கியிருந்தது. வீட்டுப் பக்கம் ஓர் எட்டு வைத்து, பிறகு வேண்டாமென்று முனையைப் பார்த்துத் திரும்பிவிட்டிருந்தது.

அப்போதுதான் எட்டைப் பார்த்தாள். பாதம் அவளுடையது, எட்டு அவளுடையதில்லை. ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவே அவளுடைய ஒன்றரை எட்டு இருந்தது.

எந்தப் பதிலும் தேடாமல் அவள் சட்டியைத் தூக்கினாள். அடியில், ஊர் பார்த்த அன்று இருந்தபடியே, காற்றுப் படாமல் அந்தத் தடம் இருந்தது. அதைத் தாண்டிக்கொண்டு, சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, குட்டைக்கால் தாங்குகிற மட்டும் முனையை நோக்கி ஓடினாள்.

நாலுகாலிகள் போனபிறகும் பஸ் மட்டும் முனைக்கு வந்துகொண்டிருந்தது. கலங்கரை விளக்கத்தின் கீழே ஒரு கல்லின் மேல் மெட்டில்டா உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். பாதையில் நடக்கக் கழற்றிய செருப்பு மடியில் இருந்தது.

“வெளையப் பாக்கத்தான் வந்தேன். ஒன்னப் பாக்க வரல” என்றாள்.

பொய் சொல்லாதட்டி, ஒன் தடம் சொல்லிட்டே என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. மறுபடியும் மணலைச் சாட்சிக்குக் கூப்பிடப் போகிறோம் என்று தெரிந்து சலேத்தம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

“சாப்பிட்டியாட்டி?”

“சட்டியத் தூக்கிட்டு வந்து சாப்பிட்டியான்னு கேக்குத.”

“என் கண்ணு பொய் சொல்லிட்டு மெட்டி” என்று சொல்லி, சலேத்தம்மாள் சட்டியைக் கல்லில் அடிக்க ஓங்கினாள்.

“நில்லு” என்றாள் மெட்டில்டா. “ஊரு முன்னால கவுத்த சட்டி. இங்க பஸ்ஸு பாக்கவா ஒடைக்கப் போற?”

“பட்டப்பகல்லயா? ஊரு நடுவுலயா?”

“நான் அப்படித்தானக்கா போனேன்.”

பஸ் வந்தது. நின்றது. நடத்துனர் எட்டிப் பார்த்து விசில் ஊதினான். இரண்டு பேரும் ஏறவில்லை. பஸ் போய், புழுதி அடங்கியபிறகு, சலேத்தம்மாள் முந்தானையைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்து, அதன்மேல் சட்டியை வைத்தாள்.

“நீ முன்ன போ. நான் சட்டியோட மெதுவாத்தான் வருவேன்” என்றாள்.

அது உண்மையில்லை. முன்னால் போகிறவளின் தடம் எப்படி விழுகிறதென்று பார்க்க வேண்டும் அவளுக்கு. பிறவிக்குணம் பொங்கலிட்டாலும் போகாது. மெட்டில்டா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நீளநீளமாக எட்டு வைத்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் தட்டைப் பாதம் விழுந்தது. அடுத்ததும் தட்டைப் பாதம். அதற்கடுத்ததும். சலேத்தம்மாளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. இரண்டு கையும் சட்டியைப் பிடித்திருந்ததால் துடைக்க முடியவில்லை. என்னைத்தான் நினைக்கிறாள், திட்டிக்கொண்டாவது என்னைத்தான் நினைக்கிறாள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

குளத்துத் திருப்பத்தில், இரண்டு தட்டைப் பாதங்களுக்கு நடுவில், ஒன்றே ஒன்று வேறாக இருந்தது. நீளமான, கனத்த, பெருவிரல் வெளியே விலகிய ஓர் ஆண் கால். ஊரில் எந்த ஆணின் காலும் இல்லை. ஊர்க் கால் அத்தனையும் அவளுக்குத் தெரியும். யார் இவன்? தூத்துக்குடிக்காரனா, வள்ளியூர்க்காரனா? எத்தனை நாளாக? விளையைக் கேட்பானா? சலேத்தம்மாள் நின்றுவிட்டாள். தலையில் சட்டி இருந்தது. கை ஒரு கணம் அதன் விளிம்பை இறுக்கியது.

பிறகு அவள் தன் இடது பாதத்தை அந்தத் தடத்தின்மேல் வைத்து, நன்றாக அழுத்தி, ஒரு கோடு மிச்சமில்லாமல் மிதித்துவிட்டு எடுத்தாள். அந்த இடத்தில் இடது சுண்டுவிரல் படாத தடம் ஒன்று பதிந்திருந்தது.

“என்னக்கா நின்னுட்ட?” என்றாள் மெட்டில்டா, திரும்பிப் பார்க்காமல்.

“ஒண்ணுமில்லட்டி. முள்ளு. நீ நட.”

ஊர் தெரியத் தொடங்கியது. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது, தெருவெல்லாம் ஆட்கள். சலேத்தம்மாள் சட்டியை நேராக்கிக்கொண்டு தங்கையின் பின்னால் நடந்தாள்.